செவிலியின் கடன்

தெருவிலே கைவிடப்பட்ட நாயொன்றைச் சில வாரமோ சில மாதமோ தம் வீட்டில் வைத்துப் பேணி, நோய் தீர்த்து, மனிதரோடு பழகச் செய்து, பின்னர் அதற்குப் பொருத்தமான வேறொரு வீட்டைத் தேடி ஒப்படைக்கும் தொண்டினை எமது நாட்டிலே இன்று சிலர் ஓசையின்றிச் செய்து வருகின்றனர். கொழும்பிலே மட்டுமன்றி வடக்கிலும் கிழக்கிலும் இத்தகையோர் உளர். இயக்கச்சியிலே சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென ஒரு சரணாலயமே அமைத்திருக்கிறது. ஆயினும் சரணாலயம் வேறு. நாம் இங்கே கருதும் வீட்டுத் தொண்டு வேறு. இத்தொண்டுக்குத் தமிழிலே இன்னும் ஒரு நல்ல பெயர் அமையவில்லை. ‘தற்காலிகப் பராமரிப்பு’ என்று சிலர் எழுதுகின்றனர். அதிலே கந்தோர்க் கோப்பின் வாடை வீசுகிறது. ‘தத்தெடுத்தல்’ என்பாரும் உளர். அது பொருந்தாது. தத்து என்பது எடுத்துத் தமதாக்கிக் கொள்வது. இங்கே நிகழ்வதோ எடுத்துப் பிறரதாக்குவது.

பெயரைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. எமது அகத்திணை மரபிலே செவிலி என்றொரு தாய் இருக்கிறாள். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தன் கையிலே வளரும் பெண் என்றேனும் ஒருநாள் இன்னொரு மனைக்கு உரியவளாவாள் என்பதை அறிந்தே அவள் வளர்க்கிறாள். உடன்போக்கிலே மகள் சென்றபின் பாலை வழியே தேடிப் புறப்படுகிறவளும் அவளே. மணமனைக்குச் சென்று, மகள் இல்லறம் நடத்தும் திறத்தைக் கண்டு வந்து நற்றாய்க்கு உரைப்பவளும் அவளே. நாயின் கதை சொல்லப் புகுந்து சங்கப் பாட்டை இழுத்துவிட்டோமெனப் புலவர் பெருமக்கள் முகஞ்சுளிக்க வேண்டாம். நாம் ஒப்புநோக்குவது செவிலியின் கடனை மட்டுமே. ‘செவிலி வளர்ப்பு’ என்னும் சொல்லை வாசகர் முன் வைக்கிறோம். சொல் நிலைக்குமோ நிலையாதோ, அது சுட்டும் பொறுப்பு எத்தகையது என்பதைச் சிறிது சிந்தித்தல் தகும்.

மக்கள் படும் இடர் மலையளவு இருக்க நாய்க்கு ஒரு தலையங்கமா என்று கேட்பவர் இருப்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் இந்நாட்டில் நாயின் கதை என்றும் மனிதனின் உயிரோடு பிணைந்தே வந்திருக்கிறது. விசர்நாய் நோய் பற்றிய கட்டளைச் சட்டம் 1893இலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இலும் இங்கே பிறந்தன. நெடுங்காலம் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லுதலே நோய்க்கு மருந்தென எண்ணப்பட்டது. 2006இல் அரசாங்கம் அக்கொலையை நிறுத்தியது. 1973இல் இந்நோயால் மாண்ட மனிதர் 377 பேர். அண்மைக் காலத்திலோ அத்தொகை ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. இவ்வளவு உயிர்களைக் காத்தவை நாய்களுக்கு இட்ட தடுப்பூசியும், கடியுண்டோர்க்கு இட்ட ஊசிமருந்துமே. கொல்லாமையை அரசு ஏற்றுக்கொண்டது நன்று. ஆயினும் கொல்லப்படாத நாய் எங்கேயாவது வாழ்ந்துதானே ஆகவேண்டும்? அந்த ‘எங்கே’ என்னும் கேள்விக்குச் சட்டப் புத்தகத்திலே விடை இல்லை, வீடுகளிலேதான் உண்டு.

யாழ்ப்பாணத்தார் தெருநாயைக் ‘கட்டாக்காலி’ என்பர். காலி என்பது மாடு; கட்டாமல் விட்ட மாட்டைக் குறித்த சொல் நாய்க்கும் ஆகி வந்தது. சொல்லிலேயே ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. கட்டாக்காலி மாட்டுக்கு எங்கோ ஓர் உடையவன் உண்டு. தெருவில் அலையும் நாய்களிற் பலவற்றுக்கும் அவ்வாறே எங்கோ ஒரு வீடு உண்டு, அல்லது இருந்தது. மாட்டின் உடல் தினவு தீர வழியோரத்தில் ஆவுரோஞ்சிக் கல் நாட்டிய முன்னோரின் வழிவந்தவர் நாம். வைரவருக்கு வடைமாலை சாத்துகிறோம். அவர் வாகனம் வாசலில் வந்து படுத்தால் கல்லெடுக்கிறோம். இதனை நகையென்பதா நோவென்பதா தெரியவில்லை.

இந்நாய்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. பெண்குட்டி என்ற ஒரே குற்றத்துக்காகக் கண் திறந்த சில நாளிலேயே சாக்கிலே கட்டிச் சந்தை மூலையிலும் கோயில் வீதியிலும் பாடசாலை வாயிலிலும் போடப்படுபவை பல. பெண்நாய் ஆண்டுக்கு இருமுறை பருவமடையும். ஒன்பது வாரத்தில் ஈனும். ஓர் ஈற்றுக்கு நாலைந்து குட்டிகள் சாதாரணம். கருத்தடைச் சத்திரசிகிச்சை ஒன்று செய்துவிட்டால் இக்கணக்கு முழுவதும் இல்லாதொழியும் என்பதைச் சாக்கைக் கட்டுபவர் எண்ணுவதில்லை. இன்னொரு வகையும் உண்டு. பிள்ளைகள் கடல் கடந்திருக்க, ஊரில் இருந்த தாய் தந்தையரும் ஒருநாள் விமானம் ஏறுகின்றனர். வீட்டுக்குப் பூட்டு; வளவுக்கு ஒரு காவலாள்; நாய்க்கு யாருமில்லை. அது பூட்டிய படலையின் முன் படுத்திருக்கும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே பெயர்ந்தபோது விட்டுச் சென்றவற்றுள் நாய்களும் இருந்தன. அன்று அவர்களுக்கு வேறு வழி இருந்ததெனக் கூற எவருக்கும் வாய் வராது. நாட்குறித்துப் பயணச்சீட்டு வாங்கிப் பெட்டி கட்டுபவரின் நிலை அத்தகையதன்று. அவருக்குக் கால அவகாசம் இருக்கிறது.

இனி, அன்பு மிக்க நாயைப் பற்றிப் பேசவேண்டும். ஏனெனில் செவிலி வளர்ப்பிலே எளிதெனத் தோன்றி ஏமாற்றுவது அதுவே. நாலடியார் யானையையும் நாயையும் ஒப்பிட்டு, நட்புக்கு நாயையே மேலெனக் கூறுவதை மாணாக்கர் அறிவர். பல்லாண்டு பழகிய பாகனையும் யானை கொல்லும். எய்த வேல் உடலில் நிற்கவும் நாய் வாலைக் குழைக்கும் என்பது அங்கே காணும் கருத்து. நட்பின் உயர்வுக்கு அது தக்க உவமை. ஆனால் நாயின் பக்கத்தில் நின்று அப்பாட்டைப் படித்துப் பாருங்கள். தன்னை எய்தவனையும் அன்பன் என்றே கொள்ளும் உயிர், நல்ல வீட்டையும் தீய வீட்டையும் தானாகத் தெரிந்துகொள்ளாது. வருகிறவர் எல்லாரிடமும் அது ஓடிச் சென்று மடியிலே தலை வைக்கும். பார்க்க வந்தவர் உள்ளம் உருகி, “எங்களைத்தான் இது தேடிக்கொண்டிருந்தது போலும்!” என்பார். அது மறுநாள் வருகிறவரிடமும் அவ்வாறே தலை வைக்கும் என்பதைச் செவிலி அறிவாள். தெரிவு செய்யும் ஆற்றல் நாய்க்கு இல்லாதபோது அப்பொறுப்பு முழுவதும் அவள் தலையிலேயே வந்து விழுகிறது.

இந்த அன்பும் தற்செயலாய் வாய்த்த ஒன்றன்று. அமெரிக்காவிலே ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூல், குட்டியின் மூன்றாம் வாரந் தொடங்கி ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே அது மனிதரோடு உறவு கொள்ளப் பழகும் பருவம் என நிறுவியது. அப்பருவத்தில் மனிதக் கையை அறியாத நாய் பின்னர் மனிதனை அஞ்சும். ஆகவே தெருவிலே எலும்பும் தோலுமாய், சொறி பிடித்து, உண்ணி மொய்த்துக் கிடந்தும் எம்மைக் கண்டு வாலாட்டும் நாய் எதனைத் தெரிவிக்கிறது? அதன் இளமையில் எவரோ ஒருவர், பெரும்பாலும் ஒரு குழந்தை, அதனைத் தூக்கி வைத்திருந்திருக்கிறார். அது ஒரு வீட்டை இழந்து வந்த நாய். இரண்டாம் முறை இழக்கச் செய்யலாகாது.

அவ்வாறாயின் செவிலி செய்ய வேண்டுவது யாது? முதல் வேலை வைத்தியம். வீட்டிலே வேறு நாய் இருப்பின் புதிய நாயை இரண்டு வாரமளவில் வேறாக வைத்தல் வேண்டும். மிருக வைத்தியரைக் கண்டு குடற்புழு மருந்தும் தடுப்பூசிகளும் இடுவிக்க வேண்டும். விசர்நாய் நோய்த் தடுப்பூசியை அரசாங்கமே இலவசமாக இடுகிறது. அது ஆண்டுதோறும் இடப்படவேண்டியது. வரலாறு தெரியாத நாய் கடித்தாலும் கீறினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே கால்மணி நேரம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இதிலே துணிச்சல் காட்டுவது மடமை. இவற்றை இவ்வளவில் நிறுத்துகிறோம். எஞ்சியதை மிருக வைத்தியர் எம்மினும் நன்றாகச் சொல்வார்.

கடினமானது அடுத்த வேலை. புதிதாக வந்த நாய் முதல் இரண்டு மூன்று நாள் ஒரு மூலையிலே உறங்கிக் கிடக்கும். “எவ்வளவு சாது!” என்பர் வீட்டார். சாதுவன்று, களைப்பும் அச்சமும். ஏறக்குறைய மூன்று வாரஞ் சென்றபின்னரே அதன் உண்மைக் குணம் வெளிப்படும். செருப்பைக் கடிக்கிறதா, கோழியைத் துரத்துகிறதா, வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலின் கீழ் நுழைகிறதா, தனியே விட்டால் ஊளையிடுகிறதா என்பனவெல்லாம் அப்போதுதான் தெரியும். ஒரு வீட்டைத் தன் வீடென அது உணர மூன்று மாதமேனும் செல்லும் என்பது இத்தொண்டிலே பழகியவர் கூறும் கணக்கு. ஆதலால் கண்டெடுத்த மறுநாளே “யாருக்கு நாய் வேண்டும்?” என்று கூவுதல் நாயைக் கொடுப்பதாகாது, தலையிலிருந்து இறக்குவதாகும்.

அன்பு மிக்க நாய் செவிலியின் காலடியை விட்டகலாது. அவளும் மனிதப் பிறவிதானே. இரவிலே தன் பாயருகே படுக்கவிட்டு, தன் கையாலேயே மூன்று வேளையும் ஊட்டி மகிழ்வாள். இங்கேதான் செவிலியின் அறிவு வேலை செய்ய வேண்டும். ஒருவரையே உலகமென நம்பிய நாய், அந்த ஒருவர் மறைந்ததும் உண்ண மறுக்கும். கதவைப் பிறாண்டிக் கால் நகத்தைப் பெயர்த்துக்கொள்ளும். ஆகவே வீட்டிலுள்ள பிறரும் உணவு வைக்கட்டும். அயலவர் வந்து தடவட்டும். நாள்தோறும் சிறிது நேரம் அது தனியே இருந்து பழகட்டும். முதலிற் பத்து நிமிடம், பின்பு ஒரு மணி. தன்னை மட்டும் நேசிக்கச் செய்வது எளிது. தன்னைப் பிரிந்தும் வாழ அதனைப் பழக்குவதே அரிது. செவிலி அரியதையே பழக்க வேண்டும்.

இனி வீடு பார்த்தல். கலியாணத் தரகருக்கு நூறு பொய் சொல்ல உரிமை உண்டென எம்மூரிலே வேடிக்கையாகக் கூறுவர். நாய்க்கு வீடு தேடுபவருக்கு ஒரு பொய்க்கும் உரிமையில்லை. மறைத்த குறை ஒரு வாரத்திலே வெளிப்படும். வெளிப்பட்ட மறுநாள் நாய் மீண்டும் சந்தையிலே நிற்கும். வீட்டுக்காரர் தீயவரென்று இதற்குப் பொருளில்லை. நல்லவர் வீடும் பொருந்தாத வீடாயிருக்கக் கூடும். வருபவர் எல்லாரிடமும் உருகும் நாயைக் கடைக்குக் காவலென்று கேட்பவருக்குக் கொடுத்தால் அது கள்வனையும் வாலாட்டி வரவேற்கும். ஏமாந்த முதலாளி அதனை உதைப்பார். கணவனும் மனைவியும் காலையில் உத்தியோகத்துக்குப் போய் மாலையில் மீளும் வீடு, மேசை நாற்காலி எல்லாம் பளிங்கு போலிருக்கும் வீடு, இத்தகைய நாய்க்கு ஆகாது. பகல் முழுவதும் திண்ணையிலே ஒரு மூதாட்டி இருக்கும் ஓலைக் குடில் அதற்கு அரண்மனை. மண்டப வாசலில் இருமுழச் சங்கிலியிற் கட்டி வைத்து வேளாவேளை இறைச்சி போடும் மாளிகையைவிட, சோறும் மீன்குழம்பும் இட்டு அடைத்த வேலிக்குள் அவிழ்த்துவிடும் வீட்டையே நாம் தெரிவு செய்வோம். செல்வர் வீடு கிடைத்தால் நாய் கொடுத்துவைத்தது என்று எண்ணுவது, பெண் கொடுக்கும்போது நாம் செய்யும் அதே தவற்றை நாய் விடயத்திலும் செய்வதாகும்.

கேட்க வேண்டிய கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். வீட்டார் அனைவருக்கும் சம்மதமா? முன்பு வளர்த்த நாய்க்கு என்ன நேர்ந்தது? வேலி அடைத்திருக்கிறதா? பிள்ளைகளிடம் வெளிநாடு செல்ல நேரின் இதனை யார் ஏற்பார்? இந்தக் கடைசிக் கேள்வி எமது சமூகத்துக்கே உரிய கேள்வி. அதற்கு விடை சொல்லத் தடுமாறுபவரிடம் இன்னொரு முறை வரச் சொல்லலாம். பெண்நாயாயின் கருத்தடை செய்தே கொடுப்பது முறை. குட்டியாயிருப்பின் செய்விக்கும் திகதியைக் குறித்து எழுதி வாங்கிக்கொண்டு, அத்திகதியிலே செவிலியே நினைவூட்ட வேண்டும். இத்தனை வினாவும் எதற்கு, நாய்தானே என்று சினப்பவருக்குக் கொடாதிருத்தலே நலம்.

எமது வாசகரிற் பெரும்பாலோர் ஆசிரியரும் மாணாக்கரும் எழுத்தை நேசிப்போருமாதலால், அறிவித்தல் எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. ‘அழகிய நாய்க்குட்டி இலவசம்’ என்பது ஒரு வகை அறிவித்தல். இலவசமாய்க் கிடைத்தது இலவசமாகவே வீசவும் படும். ‘இன்றிரவுக்குள் எவரும் ஏற்காவிடில் இது தெருவிலே சாகும்’ என்பது இன்னொரு வகை. வாசிப்பவர் கண்ணீரிலே நாயை எடுத்துச் செல்வார், கண்ணீர் உலர்ந்ததும் திருப்பிக் கொணர்வார். எமக்கு உவப்பானது மூன்றாவது வகை: ‘செம்பழுப்பு நிறப் பெண்நாய், வயது இரண்டளவில், கருத்தடையும் தடுப்பூசியும் ஆயின, குழந்தைகளிடம் மிக அன்பு, பூனையைத் துரத்தும், இடிமுழக்கத்துக்கு நடுங்கும், தனிமை பொறாது.’ ஓர் உயிரை உள்ளபடி சொல்லும் எழுத்து இது. எமது சிறுகதை எழுத்தாளர் சிலரும் பாத்திரங்களை இவ்வாறே அறிமுகஞ் செய்தால் நன்றாயிருக்கும். வாயிலில் விடப்பட்ட குட்டிகளுக்கு மாணவர் சோற்றுப்பொதியின் மிச்சத்தை இட்டு வளர்க்கும் பாடசாலைகள் பல. விடுமுறை தொடங்கியதும் அவை பட்டினி கிடக்கின்றன. அத்தகைய ஒன்றுக்கு இவ்வாறு ஓர் அறிவித்தல் எழுதுமாறு தமிழ்ப்பாட வேளையிலே பணிக்கும் ஆசிரியர், கட்டுரைப் பயிற்சியோடு வேறொன்றையும் கற்பித்தவராவார்.

எல்லாம் சரி, இவ்வளவு பழகியபின் எவ்வாறு கொடுத்துவிட மனம் வரும் என்பதே இத்தொண்டுக்கு அழைக்கப்படும் பலரும் சொல்லும் தடை. தாமே வைத்துக்கொள்ளுதல் குற்றமன்று. சிலவேளை மிகச் சிறந்த வீடு செவிலியின் வீடாகவே இருந்துவிடும். ஆயினும் அன்றோடு அவ்வீட்டிலே அடுத்த நாய்க்குரிய இடம் அடைபடுகிறது. ஒன்றை வைத்து, இரண்டை வைத்து, ஏழாவது வந்தபோது எதற்கும் போதிய உணவும் மருந்தும் இன்றி வீடே பிணிக்கூடமான கதைகளும் உண்டு. வியாசர் பாரதத்தின் தொடக்கத்திலே, வேள்விக்களத்துக்கு வந்த நாய்க்குட்டியைச் சனமேசயனின் தம்பியர் அடிக்க, அதன் தாய் சரமை வந்து நியாயம் கேட்கிறாள். முடிவிலே மகாப்பிரத்தானிக பருவத்தில், தன்னை நம்பித் தொடர்ந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புகேன் எனத் தருமன் மறுத்து நிற்கிறான். தருமன் மறுத்தது கைவிடுதலை. செவிலி செய்வது கைமாற்றுதல். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: இரண்டிலும் ஒருவர் நாயை ஓரிடத்தில் விட்டுத் திரும்பி நடக்கிறார். பொருந்தாவிடில் எந்நேரமும் என்னிடமே கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தாரா, சொல்லாமல் நடந்தாரா என்பதிலேயே வேறுபாடு இருக்கிறது.

கொடுத்தபின்பும் ஒரு வேலை எஞ்சும். குறுந்தொகையிலே கூடலூர் கிழார் பாட்டொன்றில், மகளின் புதுமனைக்குச் சென்று வந்த செவிலி தான் கண்டதை நற்றாய்க்குச் சொல்கிறாள். பொன்னையும் மாளிகையையும் அவள் பேசவில்லை. அடுக்களையிலே நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியையே பேசுகிறாள். நாயைக் கொடுத்தவரும் ஒரு மாதம் கழித்து, முன்னறிவித்துவிட்டுச் சென்று பார்க்கட்டும். கழுத்திலே கயிற்றுத் தழும்பு உண்டா, தண்ணீர்ச் சட்டி நிழலில் இருக்கிறதா, வீட்டுக் குழந்தை அதனை என்ன பெயர் சொல்லி அழைக்கிறது என்று கவனிக்கட்டும். பழைய மணத்தை அறிந்து நாய் பாய்ந்தோடி வரும், மேலெல்லாம் ஏறும், முகத்தை நக்கும். அதனைக் கண்டு நெஞ்சு கலங்க வேண்டாம். சற்றுப் பொறுத்துப் பார்க்கட்டும். ஆரவாரம் அடங்கியபின் அது திரும்பிச் சென்று புதிய வீட்டாரின் காலடியிலே சுருண்டு படுத்துக்கொள்ளுமாயின், படலையைச் சாத்திவிட்டு வரலாம்.